மண்ணின் மருத்துவத்தைக் கண்டவர்: சேர் அல்பேட் ஹவாட்

நோய் வந்தபின் மருந்து தேடுதல் ஒரு நெறி. நோய் வாராதவாறு வாழ்வை அமைத்துக்கொள்ளுதல் பிறிதொரு நெறி. மனிதர்க்குரிய மருத்துவத்தில் இவ்விரு நெறிகளும் உடன்பிறந்தாரைப் போல நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. பயிர்க்குரிய மருத்துவத்திலோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முன்னைய நெறி ஒன்றே அறிவியல் எனப் போற்றப்பட்டது. பயிர் வாடினால் அதற்குக் காரணமான பங்கசைக் கண்டறிந்து, பெயரிட்டு, கொல்லும் மருந்தைத் தெளிப்பதே அக்கால அறிஞர் கைக்கொண்ட வழி. அவ்வறிஞருள் ஒருவராகப் பயின்று, அவ்வழியிலேயே தொழில் தொடங்கி, பின்னர் இந்திய உழவரிடம் பாடங்கேட்டு, நோயினின்றும் கண்ணை எடுத்து மண்ணின்மேல் வைத்தவர் சேர் அல்பேட் ஹவாட்.

இலக்கண இலக்கியம் கற்பிக்கும் பண்டிதனாகிய எனக்குப் பயிர்நூலார் ஒருவரின் வரலாற்றில் என்ன வேலை என அன்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை 2021ஆம் ஆண்டில் இருக்கின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றாயிற்று. நவம்பரில் தடை நீங்கியதாயினும் காலம் கடந்துவிட்டது. அப்பெரும்போகத்து நெல் விளைச்சல் முன்னைய ஆண்டினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. வெள்ளவத்தைக் கடைகளில் அரிசி விலையைக் கேட்டு மலைத்து நின்ற இல்லத்தரசியர் அந்நாட்களை மறந்திரார். கொட்டாஞ்சேனையில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் சிலர், சேதன உழவு என்பதே ஏமாற்றுத்தானோ என்று என்னைக் கேட்டனர். அவ்வுழவின் முதல்வர் எனப்படுபவர் உண்மையில் என்ன செய்தார், எத்தனை காலம் செய்தார், எதைக் கண்டார் என்பதை அறியாமல் அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறல் இயலாது. ஆதலின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததன் பயனே இக்கட்டுரை.

ஹவாட் 1873ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இங்கிலாந்தின் சுறொப்சயர் மாகாணத்தில், பிசப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். எருதும் எருவும் கலப்பையும் அவருக்கு ஏட்டிலிருந்து வந்தவை அல்ல. இலண்டனில் அறிவியல் கற்று, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித யோவான் கல்லூரியிற் சேர்ந்து, 1896இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்; அடுத்த ஆண்டு விவசாயத்திலும் பட்டயம் பெற்றார்.

அவர் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1895இல், கேம்பிறிட்ஜின் தாவரவியற் பேராசிரியராகப் பதவியேற்றவர் மாசல் வாட். அப்பெயர் நமது நாட்டு வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றிற்று. அதனை ஆராய்வதற்கென 1880இல் இங்கு வந்து இரண்டாண்டு தங்கியவர் வாட். நோய் செய்யும் பங்கசின் வாழ்க்கை வட்டத்தை அவர் துலக்கினார். இடைவெளியின்றி மலை முழுவதும் ஒரே பயிரை நட்டமையே நோய் பரவ வழியாயிற்று என்றும் காட்டினார். கோப்பி அழிந்தது, அம்மலைகளில் தேயிலை ஏறியது. நோயை அறிவது வேறு, பயிரைக் காப்பது வேறு என்னும் உண்மையை இலங்கையின் கோப்பி மலைகள் உலகுக்கு முன்னரே உணர்த்திவிட்டன எனலாம்.

1899இல் ஹவாட் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். பார்படோசில் கல்லூரி விரிவுரையாளராகவும், பின்னர் விவசாயத் திணைக்களத்தின் பங்கசு ஆய்வாளராகவும் கடமையாற்றினார். கரும்பு, கொக்கோ முதலியவற்றின் நோய்களை உருப்பெருக்காடியின் கீழ் வைத்துப் பார்ப்பது அவர் தொழில். அங்கேதான் அவர் உள்ளத்தில் முதற் குறை முளைத்தது. தோட்டக்காரருக்கு அவர் அறிவுரை கூறவேண்டியிருந்தது. அவ்வறிவுரையைத் தாமே செய்துபார்க்க ஒரு சாண் நிலமும் அவர்க்கு இல்லை. தாம் சமைத்த உணவைத் தாமே உண்டறியாத மடையன் நிலை அது. 1903இல் தாய்நாடு திரும்பி, வை விவசாயக் கல்லூரியில் ஹொப்புக் கொடிகளை ஆராய்ந்தார். தோட்டக்காரர் ஆண்கொடிகளை அறவே களைந்து வந்த வழக்கத்தை அவர் ஐயுற்றார். மகரந்தம் பெற்ற கொடிகள் செழித்து வளர்வதையும், பூச்சியையும் பூஞ்சணத்தையும் நன்கு எதிர்ப்பதையும் கண்டதாக எழுதினார். இயற்கையின் ஒழுங்கைக் குலையாது விட்டால் பயிர் தன்னைத் தானே காக்கும் என்னும் எண்ணம் அவர்பால் வேர்கொண்டது அப்போதேயாகும்.

1905ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு பெரும் நிகழ்ச்சிகளைக் கொணர்ந்தது. ஒன்று, பீகாரின் பூசா என்னும் ஊரிற் புதிதாக நிறுவப்பெற்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளராக நியமனம் பெற்றமை. மற்றொன்று, கேம்பிறிட்ஜில் ஒளித்தொகுப்பை ஆராய்ந்து பெயர்பெற்றிருந்த கபிரியேல் மத்தேயி அம்மையாரை மணந்தமை. அம்மையார் கணவரின் நிழலாக வந்தவரல்லர். ஆய்வில் அவருக்கு ஒப்பானவர். 1913இல் இரண்டாவது பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் பதவி அவருக்கே வழங்கப்பட்டது. பூசாவிலிருந்து வெளிவந்த ஆய்வுரைகள் பலவற்றில் இருவர் பெயரும் இணைந்தே நிற்கின்றன. அவர்களோடு உழைத்த இந்தியர் அப்துர் ரகுமான் கான் என்பவரின் பெயரும் சிலவற்றில் உண்டு. புகழ் ஒருவர் பெயரில் நின்றாலும் உழைப்பு மூவருடையது, நால்வருடையது என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

பூசாவில் ஹவாட் முதலிற் கேட்டுப் பெற்றது நிலம். 75 ஏக்கர் அவர் பொறுப்பில் விடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அவரை வருத்திய குறை நீங்கிற்று. அயலிலுள்ள உழவரின் வயல்களை அவர் நாள்தோறும் நோக்கினார். மருந்து என்பதை அறியாத அவ்வயல்களிற் பயிர் பெரும்பாலும் நோயின்றி நின்றது. அவ்வாறாயின் இவ்வுழவரே தமக்குப் பேராசிரியர் எனத் துணிந்து, அவர்களுடைய முறைகளைத் தம் நிலத்திற் கைக்கொண்டார். ஆளவந்த இனத்தைச் சேர்ந்த அரசாங்க அலுவலர் ஒருவர் ஆளப்பட்ட நாட்டுக் குடியானவரிடம் மாணவராக அமர்ந்தமை அக்காலத்தில் எளிய செயலன்று. ஐந்தாண்டுகளுக்குள், மருந்து தெளியாமலே நலமுள்ள பயிரை விளைக்கக் கற்றுக்கொண்டதாக அவர் பிற்காலத்திற் பதிவு செய்தார். நல்ல தீனியுண்ட தம் உழவெருதுகள், வேலிக்கு அப்பால் நின்ற நோயுற்ற மாடுகளோடு மூக்குரசியபோதும் கோமாரி பற்றாதிருந்தன என்றும் குறித்துள்ளார்.

அதே பூசாவில், அவருக்கு அயல் ஆய்வுகூடத்தில், எட்வின் பட்லர் என்னும் பேரறிஞர் பங்கசு நூல் வல்லுநராக விளங்கினார். நாம் சாம்பாரிலிடும் பருப்பைத் தரும் துவரைச் செடி, இளமையிலேயே வாடிக் காய்ந்துபோகும் நோய் ஒன்றுண்டு. மண்ணிலிருந்து வேர்வழி ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைக்கும் பியூசேரியம் என்னும் பங்கசே அதற்குக் காரணம் என்பதைப் பட்லர் கண்டு 1906இல் வெளியிட்டார். பகைவன் யார் என்று பட்லர் ஆராய்ந்தார். கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது எது என்று ஹவாட் ஆராய்ந்தார். இரண்டும் வேண்டப்படும் கேள்விகளே. ஆனால் ஆய்வு நிலையம் பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டிருந்தது. பயிர் ஒருவருக்கு, பங்கசு ஒருவருக்கு, பூச்சி ஒருவருக்கு, மண் ஒருவருக்கு என எல்லை கோலப்பட்டிருந்தது. முழுமையாக நோக்க விரும்பிய ஹவாட்டுக்கு அவ்வெல்லைகள் விலங்குகளாயின.

அவர் முறைக்குத் தக்க சான்று அவுரிப் பயிரின் வரலாறு. நீலச் சாயம் தரும் அவுரி அன்று பீகாரின் பெருஞ்செல்வம். சாவகத்திலிருந்து கொணர்ந்த புதிய அவுரி முதலில் நன்கு விளைந்து, பின்னர் ஆண்டுதோறும் வாடியது. நோய்க் கிருமியைத் தேடியோர் இலையிலும் தண்டிலும் தேடினர். ஹவாட் தம்பதியர் செடியை வேரோடு அகழ்ந்து, மண்ணை நீராற் கழுவி, வேரைப் பார்த்தனர். மாரிக்காலத்தில் மேல்மண் இறுகி நீர் தேங்குதலால் வேருக்குக் காற்றுச் செல்லவில்லை. நுண்வேர்கள் இறந்தன, அவற்றிலிருந்த சிறுகணுக்களும் அழுகின. அச்சிறுகணுக்கள் யாவை? வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கும் பற்றீரியாக்கள் குடியிருக்கும் இல்லங்கள். தோழர் இறந்தபின் செடி பட்டினியால் வாடியதே நோய் எனப்பட்டது. கொல்லவேண்டிய கிருமி அங்கே இல்லை; வடிகாலும் காற்றும் தேவையாயிருந்தன. பயிரின் நலம் மண்ணுக்குள் வாழும் கட்புலனாகா உயிர்களோடு பிணைந்தது என்பதை ஹவாட் கண்கூடாகக் கண்ட இடம் இதுவே.

1924இல் பூசாவை விட்டு, மத்திய இந்தியாவில் இந்தூர் நகரிற் புதிய நிலையம் ஒன்றை அமைத்து அதன் பணிப்பாளரானார். பருத்தி ஆய்வுக்கெனத் திரட்டப்பட்ட நிதியும் சுதேச சமத்தானங்களின் உதவியும் கிடைத்தன; 300 ஏக்கர் நிலமும் கிடைத்தது. இங்கே அவர் கருத்து ஒரே பொருளில் ஊன்றியது. காட்டில் எவரும் எருவிடுவதில்லை, மருந்து தெளிப்பதில்லை. எனினும் காடு அழிவதில்லை. விழுந்த இலையும் மடிந்த உயிரும் மக்கி, கருமையான உக்கலாகி, மீண்டும் வேரைச் சேர்கின்றன. அச்சுழற்சியை வயலில் அமைக்க இயலுமா என்பதே அவர் வினா. யசுவந்த் வாட் என்னும் இந்திய வேதியியலாளரின் துணையோடு அவர் வகுத்த முறையே இந்தூர் முறை. 1931இல் இருவரும் சேர்ந்து அதனை நூலாக வெளியிட்டனர்.

அம்முறையின் நுட்பம் அதன் எளிமையில் உள்ளது. 30 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 அல்லது 3 அடி ஆழமும் உள்ள குழியில், பயிர்க் கழிவும் களையும் ஒரு படை, மாட்டெரு ஒரு படை, மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணும் விறகுச் சாம்பலும் ஒரு படை என மாறி மாறி இடப்படும். குழி ஆழமாயின் காற்று உட்புகாது. நீர் மிகுந்தால் அழுகும். குறைந்தால் நுண்ணங்கிகள் தொழில் செய்யா. முதலிற் பங்கசுக்கள் வேலை தொடங்கும். பின்பு பற்றீரியாக்கள் தொடரும். குவியல் 65 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேறி, களைவித்தும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் மாயும். மூன்று முறை கிளறினால் ஏறத்தாழ மூன்று திங்களிற் கூட்டெரு ஆயத்தமாகும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நம் முன்னோர் குழை தாழ்த்ததும், ஆட்டுப்பட்டி அடைத்ததும் இந்நெறியின் பாற்பட்டனவே. ஹவாட் செய்தது, அத்தகைய நாட்டறிவையும் சீனர் தொன்முறையையும் அளந்து, ஒழுங்குபடுத்தி, எவரும் கைக்கொள்ளுமாறு நெறிப்படுத்தியமையாகும்.

1930இல் கபிரியேல் அம்மையார் மறைந்தார். இருபத்தைந்து ஆண்டு ஒரே வயலில் உழைத்த துணை பிரிந்த மறு ஆண்டில், 1931இல், ஹவாட் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். அம்மையாரின் தங்கை லூயிசு அவரை மணந்து பிற்காலப் பணிகளுக்குத் துணையானார். 1934இல் சேர் என்னும் பட்டம் அவரை வந்தடைந்தது. ஓய்வு என்பது பெயரளவிலேதான். இந்தூர் முறையை உலகெங்கும் பரப்பும் வேலை அப்போதுதான் விரைவு பெற்றது.

தேயிலை மலைகள் அம்முறைக்கு விரைந்து இடமளித்தன. திருவிதாங்கூரின் மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் ஹாலர் என்னும் அறிஞர் அதனை முதலிற் செய்துபார்த்தார். 1937ஆம் ஆண்டின் இறுதியிலும் 1938இன் தொடக்கத்திலும் ஹவாட் தாமே இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். நம் மலைநாட்டுத் தேயிலையின் வேர் நோய்கள் அதற்கு முன்னரே அறியப்பட்டவை. 1905 முதல் 1928 வரை இலங்கையிற் பணிபுரிந்த தோமசு பெச், அவற்றை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் வளரும் பங்கசு அயலிலுள்ள தேயிலை வேரைப் பற்றும்; கட்டையை அகழ்ந்து, நோயுற்ற செடியை வேரோடு நீக்கி, சுற்றிலும் கான் வெட்டுதலே பரிகாரம். அக்கானை வெட்டிய கைகள் பெரும்பாலும் நம் மலையகத் தமிழ்த் தொழிலாளருடைய கைகள். ஹவாட்டோ பகைப் பங்கசைத் தேடாமல் நட்புப் பங்கசைத் தேடினார். தேயிலை வேர்களை ஆய்வாளர் இரெய்னர் அம்மையாரிடம் காட்டியபோது, வேரோடு கூடி வாழ்ந்து அதற்கு உணவூட்டும் பங்கசிழைகள் அவற்றில் இருப்பது தெரிந்தது. உக்கல் மிகுந்த நிலத்தில் அக்கூட்டுறவு செழிக்கும். அதனாலேயே செடி நோயை எதிர்க்கின்றது என ஹவாட் முடிவு கட்டினார்.

1940இல் வெளிவந்த விவசாய மரணசாசனம் என்னும் பொருளுடைய அவரது நூல் இம்முடிபுகளையெல்லாம் திரட்டித் தந்தது. இங்கிலாந்தில் ஈவ் பல்பூர் அம்மையார் 1943இல் தம் நூலை எழுதவும், 1946இல் மண்ணுக்கென ஒரு சங்கம் எழவும், அமெரிக்காவில் உரொடேல் 1942இல் இதழ் தொடங்கவும் அவர் கருத்துகள் தூண்டுகோலாயின. 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் ஹவாட் காலமானார். அறிவியல் நிலையங்கள் பல அவரை அளவு கடந்து பேசியவர் என ஒதுக்கின; அன்பர்கள் அவரைத் தீர்க்கதரிசி என ஏத்தினர். இரண்டும் அவருக்கு நீதியாகா. அவர் கண்டது எவ்வளவு, காணாதது எவ்வளவு என அளந்து கூறுதலே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

முதலில் அவர் கண்டதை நோக்குவோம். வேரைச் சுற்றியுள்ள மிக மெல்லிய மண்படையை வேர்மண்டலம் என்பர். 1904இல் அப்பெயரை வழங்கியவர் செருமானியராகிய இலோரன்சு இல்ட்னர். வேர் வெறுங்கயிறன்று, அது இனிப்புப் பொருளையும் அமினோ அமிலங்களையும் ஓயாது கசியவிடுகின்றது. அவ்வன்னசத்திரத்தை நாடிப் பற்றீரியாக்கள் கோடிக்கணக்கிற் கூடுகின்றன. அக்கூட்டத்தைப் பொறுத்ததே செடியின் நோயெதிர்ப்பு என இல்ட்னரும் கருதினார். 1926இல் கனடாவின் சான்போட், பசுந்தாள் உரமிட்ட நிலத்தில் உருளைக்கிழங்கின் சொறிநோய் தணிவதற்கு, நோய் செய்யும் நுண்ணங்கிக்குப் பகையான பற்றீரியாக்கள் பெருகுவதே காரணமாகலாம் என எழுதினார்.

பின்வந்தோர் இதனைச் சோதித்து நிறுவினர். சில நிலங்களில் நோய்க்கிருமி இருந்தும் நோய் தோன்றுவதில்லை. அத்தகைய மண்ணைச் சூடாக்கினால் அக்காப்பு நீங்கிவிடுகின்றது. சூடாக்காத மண்ணிற் சிறிதளவை எடுத்து நோயுள்ள மண்ணோடு கலந்தால் அங்கும் காப்பு உண்டாகின்றது. ஆகவே காப்பது மண்ணின் துகளன்று, மண்ணிலுள்ள உயிர். சூடோமோனாசு, பசிலசு என்னும் இருவகைப் பற்றீரியாக்கள் இக்காவலரிற் சிறந்தவை. அவை காக்கும் வழி நான்கு.

முதல்வழி, இடம் பிடித்தல். ஆடிவேல் நாளில் காலி வீதியோரம் முன்னரே வந்தோர் நெருங்கி நிற்க, பின்வந்தவன் காலூன்ற இடங்காணாது திரும்புவான். நற்பற்றீரியா நிறைந்த வேரில் நோய்க்கிருமிக்கும் அந்நிலையே. இரண்டாவது, இரும்பைக் கவர்தல். எவ்வுயிர்க்கும் சிறிது இரும்பு வேண்டும். மண்ணில் அது எளிதிற் கிட்டாது. சூடோமோனாசு ஒரு சேர்வையைச் சுரந்து கிடைத்த இரும்பையெல்லாம் வளைத்துக்கொள்ள, பங்கசு பட்டினி கிடக்கின்றது. மூன்றாவது, பகைவனைக் கொல்லும் நஞ்சைச் சுரத்தல். காசநோய்க்கு மருந்தாகிய இஸ்ரெப்ரோமைசின் 1943இல் மண்வாழ் நுண்ணங்கி ஒன்றிலிருந்தே கிடைத்தது என்பதை நினைந்தால் இது வியப்பாகாது. நான்காவது, செடியை விழிப்பித்தல். வேரைத் தீண்டிய நற்பற்றீரியாவின் குறிப்பறிந்து செடி முழுவதும் தன் காப்பை ஆயத்தம் செய்கின்றது. வேரிற் பெற்ற எச்சரிக்கை இலைக்கும் பயன்படுகின்றது. இந்நான்காம் வழி 1990களின் தொடக்கத்திலேதான் ஆய்வாற் புலனாயிற்று.

பட்லர் கண்ட துவரை வாடல் நோய்க்கு என்ன நேர்ந்தது? 1934இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தின்பின் பூசா நிலையம் தில்லிக்குப் பெயர்ந்தது. அங்கே வாசுதேவாவும் உடனுழைத்தோரும், பசிலசு சப்டிலிசு என்னும் பற்றீரியா அதே துவரைப் பங்கசை ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சுரப்பதைக் கண்டு 1950களில் வெளியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சதாசிவனும் மாணாக்கரும் பருத்தி வாடல் நோயையும் அதனை விளைக்கும் மண்ணையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தனர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சூடோமோனாசைத் தூளோடு கலந்து விதைநேர்த்திக்கு ஏற்ற மருந்தாக்கிற்று. கடலைச் செடியின் வாடலை அது தணித்தமை 1995இல் ஆய்வுரையாக வெளிவந்தது. இன்று தமிழகத்து உழவர் சூடோமோனாசு என்னும் அப்பெயரைத் தம் வீட்டுப் பெயர்போல் வழங்குகின்றனர். பட்லர் கேட்ட கேள்வியும் ஹவாட் கேட்ட கேள்வியும் வேர்மண்டலத்தில் ஒன்றாயின. பகைவனும் உண்மை, காவலனும் உண்மை.

இனி அவர் காணாததையும் கூறல் வேண்டும். காவலரை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லிக் காட்ட அவரால் இயலவில்லை. உக்கலையும் வேரோடு வாழும் பங்கசையும் அளவின் மிக்குப் போற்றினார். நல்ல மண்ணில் நோயே இல்லை என்னும் அளவுக்கு அவர் துணிந்தது சான்றின் எல்லையைக் கடந்தது. கோப்பித் துருவையும் நெல்லின் எரிபந்த நோயையும் கூட்டெரு ஒன்றினாலே தடுத்தல் அரிது. செயற்கைப் பசளை மண்ணைக் கொல்லும் என்றார்; இங்கிலாந்தின் உரொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1843 முதல் அப்பசளை பெற்றுவரும் கோதுமை நிலம் இன்றும் விளைகின்றது. ஒரே பயிரைத் தொடர்ந்து பயிரிடுதல் தீதென்றார். ஆயினும் கோதுமையைத் தொடர்ந்து விதைத்த நிலங்களில் வேரழுகல் சில ஆண்டு மிகுந்து, பின்னர்த் தானே தணிவதைப் பின்வந்தோர் கண்டனர். சூடோமோனாசுக்கள் அங்கே பெருகித் தம் நஞ்சினாற் பங்கசை அடக்கியமையே அதற்குக் காரணம். இயற்கை நாம் வகுக்கும் கோட்பாட்டினும் நுண்ணியது.

இக்குறைகளெல்லாம் கூறியபின்னும் எஞ்சி நிற்பது ஒன்று. ஹவாட் இந்தியாவில் இருபத்தாறு ஆண்டு உழைத்தார். முதலில் நிலம் கேட்டார், பின் உழவரைக் கேட்டார், பின் வேரை அகழ்ந்தார், பின் எருவைச் செய்தார், அதன்பின்னரே பேசினார். எரு ஆயத்தமாகுமுன் பசளையை நிறுத்துமாறு அவர் வாழ்வு எவருக்கும் கற்பிக்கவில்லை. 2021இல் நம் நாட்டிலே தோற்றது மண்ணின் மருத்துவமன்று. மண்ணுக்குத் தரவேண்டிய காலத்தைத் தராத ஆணையே தோற்றது. மண்ணிலுள்ள காவலர் வர்த்தமானி அறிவித்தலைப் படித்துப் பெருகுவதில்லை. அவர்க்கு உணவு வேண்டும், காற்று வேண்டும், பருவங்கள் பல வேண்டும்.

என்னிடம் வினவிய மாணவர்க்கு நான் கூறும் விடை இதுவே. சேதன உழவு ஏமாற்றன்று, மந்திரமும் அன்று. அது ஒரு நெடிய கல்வி. உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள் எருவின் சிறப்பை ஆங்கு எடுத்தோதியதை நாம் மனனம் செய்து ஒப்பிக்கின்றோம். அவ்வெருவில் வாழும் உயிர்களையும் அறிந்து கற்பிக்கும் கடமை அறிவியல் ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று, தமிழாசிரியர்க்கும் உரியது. கிராமத்திலிருந்து நகருக்குக் குடிவந்து, மாடிவீட்டில் மண்ணைத் தொட்டிக்குள் மட்டும் காணும் பிள்ளைகளுக்கு, வகுப்பறையில் ஒரு பிடி மண்ணைக் காட்டி, இதிலுள்ள உயிர்கள் இந்நகரத்து மக்களினும் பலமடங்கு என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் அதனைக் கீழே கொட்டுமுன் சற்றுத் தயங்குவார்கள். அத்தயக்கமே ஹவாட் வேண்டிய மரியாதை.